சிறை மீண்டோர் மீதான முத்திரை: நெற்றி எழுத்திலிருந்து விண்ணப்பப் படிவம் வரை

சிறைத் தண்டனை என்பது கால எல்லை உடையது. நீதிமன்றம் மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு. ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டு. அந்தக் காலம் முடிந்து வெளியே வருபவர், சட்டத்தின் கணக்கில், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தவர். ஆனால் ஊரின் கணக்கு வேறு. வீட்டு வாடகை, வேலை, பெண் கொடுப்பது, கடன் கொடுப்பது என எல்லாவற்றிலும் "உள்ளே போய் வந்தவர்" என்ற அடையாளம் அவருக்கு முன்னால் போய் நிற்கிறது. இவ்வாறு ஒருவரின் கடந்த காலச் செயலை அவருடைய நிரந்தர அடையாளமாக ஆக்குவதைச் சமூகவியலார் முத்திரையிடுதல் என்பர். இந்த முத்திரை மக்கள் மனத்தில் தானாகத் தோன்றியது மட்டுமன்று. அரசுகள் சட்டம் இயற்றி, ஊசியும் மையும் கொண்டு, பதிவேடுகளும் படிவங்களும் கொண்டு அதை உருவாக்கிய வரலாறும் உண்டு. இக்கட்டுரை அந்த வரலாற்றை, குறிப்பாக இந்தியாவிலும் தமிழகத்திலும் நிகழ்ந்ததை, விளக்குகிறது.

சொற்களில் படிந்த களங்கம்

சிறை செல்வதைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கம்பி எண்ணுதல், களி தின்னுதல், மாமியார் வீட்டுக்குப் போதல் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. சிறையிலிருந்து வெளியே வந்து திருந்தி வாழ்பவரைக் குறிக்க இவ்வளவு புழக்கமான ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. "பழைய குற்றவாளி" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பழைய ஆசிரியர் என்றால் இப்போது ஆசிரியர் அல்லர் என்று பொருள் கொள்கிறோம். பழைய குற்றவாளி என்றால் இப்போதும் குற்றவாளியே என்று பொருள் கொள்கிறோம். மொழியிலேயே விடுதலைக்கு இடமில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பழங்கால முத்திரைகள்

களங்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் "ஸ்டிக்மா" என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அடிமைகள், குற்றவாளிகள் ஆகியோரின் உடலில் இடப்பட்ட அடையாளத்தை அது குறித்தது. உரோமப் பேரரசிலும் இவ்வழக்கம் இருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் தண்டனை பெற்றவர்களின் முகத்தில் முத்திரை இடக்கூடாது எனத் தடை விதித்தார். கையிலும் காலிலும் இடுவதை அவர் தடுக்கவில்லை. பிரான்சு நாட்டில் கட்டாய உழைப்புத் தண்டனை பெற்றவர்களின் தோளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. இது 1832-இல் ஒழிக்கப்பட்டது.

கோத்னா: நெற்றியில் குத்திய பச்சை

நம் நாட்டில் "தலையெழுத்து" என்பது விதியைக் குறிக்கும் சொல். பிரம்மன் எழுதியது, அழிக்க முடியாதது என்பது நம்பிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சிலருக்கு இது உவமையாக இல்லாமல் நேர்ப்பொருளிலேயே நடந்தது. 1797-இல் வங்காள மாகாணத்தில் கம்பெனி அரசு ஒரு விதி இயற்றியது. ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் அவர்களுடைய பெயர், செய்த குற்றம், தண்டனை பெற்ற நாள், தீர்ப்பளித்த நீதிமன்றம் ஆகிய விவரங்களை உள்ளூர் மொழியில் பச்சை குத்த வேண்டும் என்பது அதன் சாரம். பொய்ச்சாட்சி சொன்னவர்கள், போலிப் பத்திரம் தயாரித்தவர்கள் ஆகியோருக்கும் நெற்றிப் பச்சை விதிக்கப்பட்டது. இந்தியில் பச்சை குத்துதலுக்கு வழங்கும் "கோத்னா" என்ற சொல்லே இத்தண்டனைக்கும் பெயராயிற்று. 1802-இல் சென்னை மாகாணத்திலும் இம்முறை கொண்டுவரப்பட்டது. 1830-களில் தக்கர் ஒழிப்பு நடவடிக்கையின்போது பிடிபட்டவர்களின் நெற்றியிலும் அவர்கள் தக்கர்கள் என்று எழுதப்பட்டது.

தப்பி ஓடுபவர்களை எளிதில் பிடிப்பதற்காகவே இது என்று அரசு காரணம் கூறியது. ஆனால் இதன் விளைவு சிறைச்சுவரைத் தாண்டியது. பொய்ச்சாட்சிக்காகச் சில ஆண்டுகள் தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஊர் திரும்பினாலும் நெற்றி எழுத்து அவரோடு திரும்பியது. அவரை யார் வேலைக்கு வைப்பார்? யார் வீட்டுத் திண்ணையில் உட்கார விடுவார்? பலர் தலைப்பாகையை நெற்றி மறையும்படி இறக்கிக் கட்டிக்கொண்டனர். முடியை வளர்த்து முன்னால் விட்டுக்கொண்டனர். ஒரு மனிதர் தம் நெற்றியை மற்றவர்களிடமிருந்து மறைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் வாழ வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தவறான தீர்ப்பால் தண்டிக்கப்பட்டவர் நிரபராதி என்று பின்னர் தெரிய வந்தால், சிறைக் கதவைத் திறக்கலாம். பச்சையை அழிக்க முடியாது. திருத்த முடியாத தண்டனை நீதிக்கு ஏற்றதன்று என்ற வாதம் வலுப்பெற்றது. 1849-இல் கோத்னா சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

கடல் கடந்த கைதிகள்

முத்திரை ஒருவரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருத்தியதா என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் வரலாறு ஒரு விடை தருகிறது. 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுமத்ராவின் பென்கூலன் நகரிலிருந்து சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 கைதிகள் சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். சில நாள்களில் வங்காளக் கைதிகளும் வந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் அங்கு சாலை போட்டவர்களும், சதுப்பு நிலத்தை மேடாக்கியவர்களும், செங்கல் சுட்டவர்களும் இந்தியக் கைதிகளே. இன்றும் நிற்கும் புனித ஆண்ட்ரூ பேராலயமும், இன்று அதிபர் மாளிகையாக உள்ள இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை.

அங்குக் கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நன்னடத்தை உடையவர் கீழ் வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு உயரலாம். முதல் வகுப்புக்கு வந்தவர் உரிமச்சீட்டுப் பெற்று வெளியில் தங்கி, சொந்தமாகத் தொழில் செய்யலாம். கைதிகளுக்குக் காவலர்களாகக் கைதிகளே நியமிக்கப்பட்டனர். 1873-இல் அந்தச் சிறை முகாம் மூடப்பட்டபின் பலர் அங்கேயே குடிமக்களாகத் தங்கினர். கைத்தொழில் தெரிந்தவர்களாக, ஊருக்கு வேண்டியவர்களாக இருந்ததால் நாளடைவில் பொது மக்களுடன் கலந்துவிட்டனர். கடல் தாண்டிய வாழ்க்கை துயரம் நிறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் தண்டனைக்குப் பின் தொழிலும் இடமும் கிடைத்த இடத்தில் முத்திரை மங்கியது என்பதற்கு இது சான்று.

தோலிலிருந்து காகிதத்துக்கு

நெற்றிப் பச்சை ஒழிந்ததால் அடையாளமிடுதல் ஒழிந்துவிடவில்லை. 1858-இல் தொடங்கிய அந்தமான் கைதிக் குடியிருப்பில் ஒவ்வொரு கைதியின் கழுத்திலும் ஒரு மரச்சீட்டுத் தொங்கியது. கைதி எண், எந்தச் சட்டப்பிரிவின்கீழ் தண்டனை, தண்டனை தொடங்கிய நாள், முடியும் நாள் ஆகியவை அதில் இருந்தன. அதே 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை ஒப்பந்தத்தில் வாங்கினார். அங்குத் தொடங்கிய கைரேகை ஆய்வு வளர்ந்து, 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் நிறுவப்பட்டது. அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இந்திய அதிகாரிகள் கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றினர்.

இனி ஒருவரின் நெற்றியில் எழுத வேண்டிய தேவை இல்லை. அவர் விரலிலேயே இயற்கை எழுதியிருந்ததை அரசு படிக்கக் கற்றுக்கொண்டது. முன்பு எவர் கண்ணுக்கும் தெரிந்த முத்திரை, இப்போது காவல் நிலையப் பதிவேட்டுக்குள் சென்றது. ஆயினும் பதிவேட்டில் உள்ளது ஊருக்குத் தெரியாமல் இருப்பதில்லை. சென்னை மாகாணக் காவல் துறையினர் தொடர்ந்து குற்றம் செய்வோராகக் கருதியவர்களை ஆங்கிலத்தில் "கே.டி." என்ற இரண்டு எழுத்துகளால் குறித்தனர். அலுவலகக் குறியீடாக இருந்த அந்த எழுத்துகள் தெருவுக்கு வந்து, இன்று "கேடி" என்ற வசைச்சொல்லாக நம் பேச்சில் நிற்கின்றன.

பிறப்பே குற்றமானபோது

முத்திரையிடுதலின் உச்சம் 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம். ஒரு குறிப்பிட்ட குற்றத்தைச் செய்தார் என்று மெய்ப்பிக்கப்படாமலே, ஒரு சமூகத்தில் பிறந்தார் என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்க இச்சட்டம் வழி செய்தது. முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த இது, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் கைரேகை பதிய வேண்டும்; காவலர் முன் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும்; வெளியூர் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் இதனைக் "கைரேகைச் சட்டம்" என்றே அழைத்தனர். குண்டூர் மாவட்டத்தில் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் அடைத்து வைக்கப்பட்டனர்.

மதுரை மாவட்டத்தில் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது இச்சட்டம் படிப்படியாகச் செலுத்தப்பட்டது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர். கட்டைவிரலில் மை தடவுவது சிறிய செயலாகத் தோன்றலாம். அந்த மை தம்மையும் தம் பிள்ளைகளையும் பிறவிக் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொள்வதாகும் என்பதை அம்மக்கள் புரிந்துகொண்டிருந்தனர்.

குறவர் சமூகத்தின் பிரிவுகளும் இப்பட்டியலில் இருந்தன. ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய பெண்கள் இருந்த சமூகம் அது. பிறர் விரும்பிக் கேட்ட அழகுக் கோலங்களை வரைந்தவர்கள் மீது, அவர்கள் கேட்காத முத்திரை விழுந்தது.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டோர் தமிழகத்தில் சீர்மரபினர் எனப்படுகின்றனர். எனினும் சென்னை மாகாணத்தில் 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பெயர் சமூகத்திலிருந்து தனி மனிதருக்கு மாறியது. கண்காணிப்பு அதே வீடுகளைச் சுற்றியே நீண்ட காலம் நடந்தது.

ஒரே சிறை, இரு முத்திரைகள்

சிறை சென்றவர் மீதான முத்திரை எவ்வளவு விரைவில் மாறக்கூடியது என்பதற்கு விடுதலைப் போராட்டமே சான்று. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908-இல் அரசத் துரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபோது அவரை வரவேற்க விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே வந்திருந்தனர். அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் ஓட்டியவர் சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது. தண்டனைக் காலம் முடிந்திருந்தாலும், தண்டனை பெற்றவர் என்ற பதிவு அவர் தொழிலைத் தடுத்தது. பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

அவருடன் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயுடன் வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் செல்ல அரசு தடுத்தபோது, நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். சிறையின் களங்கமும் நோயின் களங்கமும் ஒருவர் மீதே விழுந்த நிலை அது.

நாடு விடுதலை அடைந்தபின் காட்சி மாறியது. 1972-இல் நடுவண் அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. அதைப் பெறப் பொதுவாக ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும். சிறைப் பதிவு கிடைக்காதவர்கள் உடனிருந்த கைதிகளிடம் சான்று வாங்கினர். முன்பு மறைக்க வேண்டியிருந்த சிறைவாசம், இப்போது சான்றிதழுடன் மெய்ப்பிக்க வேண்டிய பெருமையாயிற்று. அதே சிறை, அதே களி, அதே கைதி எண். மாறியது வெளியில் இருந்தோரின் பார்வை. தியாகி என்ற சொல்லும் கைதி என்ற சொல்லும் ஒரே வாயிலில் காத்திருந்தன என்றால், முத்திரை சிறையில் உருவாகவில்லை, வெளியில்தான் உருவாகிறது என்பது தெளிவாகிறது.

முத்திரைக் கோட்பாடு

இதனை 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர்கள் கோட்பாடாக வகுத்தனர். ஃபிராங்க் டானன்பாம் என்ற வரலாற்று அறிஞர் 1938-இல், ஒருவரைக் குற்றவாளி என்று அடையாளப்படுத்தி, பிரித்து, திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவதே அவரை அவ்வாறு ஆக்குகிறது என்று எழுதினார். இவர் இளமையில் வேலையற்றோரைத் திரட்டிப் போராடியதற்காக நியூயார்க்கில் ஓராண்டு சிறையில் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1963-இல் ஹோவர்ட் பெக்கர், எர்விங் காஃப்மன் ஆகியோர் தனித்தனியே எழுதிய நூல்கள் இக்கருத்தை விரிவாக்கின. முத்திரை விழுந்தபின் ஒருவரின் மற்ற அடையாளங்கள் அனைத்தும், தந்தை, தச்சர், பாடகர் என எதுவாயினும், பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. நேர்மையான வழிகள் அடைபடுவதால் அவர் பழைய கூட்டத்தையே நாட நேர்கிறது. பின்னர் "பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்" என்று ஊர் சொல்கிறது.

இன்றைய நிலை

இந்தியச் சிறைகளில் 2022-ஆம் ஆண்டு இறுதியில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். இவர்களுள் நிரபராதி என்று விடுதலையாகி வருபவரும் ஊர்ப் பேச்சில் "உள்ளே போய் வந்தவர்" என்ற பெயரையே சுமக்கிறார்.

அரசு வேலைக்கான படிவங்களில் வழக்கு, கைது, தண்டனை பற்றிய வினாக்கள் உள்ளன. தமிழ்நாட்டில் காவல் பணிக்கான விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படலாம். 2011-இல் டெல்லி காவலர் வேலை தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இளமையில் செய்த சிறு தவறுக்காக ஒருவரை ஆயுள் முழுவதும் குற்றவாளியாக முத்திரை குத்தக் கூடாது என்ற நோக்கில் தீர்ப்பளித்தது. ஒரு ரொட்டியைத் திருடியதற்காக வாழ்நாள் முழுவதும் துரத்தப்பட்ட ழான் வால்ழான் என்ற விக்டர் ஹியூகோவின் கதைமாந்தரை நீதிபதிகள் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டினர். 2016-இல் மற்றொரு வழக்கில், விவரத்தை மறைத்தவர்களின் செய்தியில் குற்றத்தின் தன்மை, பதவியின் தன்மை ஆகியவற்றைக் கருதி முடிவெடுக்க வேண்டும் என நெறிமுறைகள் வகுக்கப்பட்டன.

முத்திரைக்கு முடிவு தேதி வேண்டும் என்ற எண்ணம் நம் சட்டத்துக்குப் புதிதன்று. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடுவிக்கப்படுபவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சிறார்களின் பதிவேடுகளைக் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரின் தகுதியிழப்புகூட, விடுதலையான 6 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. சட்டம் இயற்றும் பதவிக்கு இப்படி ஓர் எல்லை உண்டு. இரவுக் காவலர் வேலை கேட்டு வரும் எளியவருக்கு அப்படி ஓர் எல்லை எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தவரின் பழைய தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்குக் கழிந்துபோனதாகக் கருதச் செய்கிறது.

சிறைக்குள்ளேயே தொடர்ந்த முத்திரை ஒன்றையும் அண்மையில் நீதிமன்றம் அகற்றியது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதும் தனித்தனியே அடைப்பதும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. சீர்மரபினரைப் பிறப்பால் வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் சிறைக் கையேட்டுப் பகுதிகளும் அதில் நீக்கப்பட்டன. குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகள் கழித்தும் அதன் வாசகங்கள் சிறைக் கையேடுகளில் உயிரோடிருந்தன என்பது இதனால் தெரிய வந்தது.

பிள்ளைகள் சுமக்கும் முத்திரை

சட்டம் எட்டாத இடம் வகுப்பறை. ஆசிரியராகப் பணியாற்றிய எவரும் இதைக் கண்டிருப்பர். வகுப்பில் ஒரு பேனாவோ பத்து ரூபாயோ காணாமல் போகும். யாரும் எதுவும் சொல்வதற்குள், தந்தை சிறையில் இருக்கும் மாணவனை நோக்கி எல்லாத் தலைகளும் திரும்பும். சில நேரம் ஆசிரியரின் தலையும் திரும்பும். பை சோதிக்கப்படுவது அவனுக்குத்தான் முதலில். பேனா வேறொருவர் மேசைக்கடியில் கிடைத்தாலும் அவனிடம் யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அவன் பள்ளிக்கு வருவது குறையும். பிறப்பால் குற்றவாளி என்ற 1871-ஆம் ஆண்டு எண்ணத்துக்கும் இதற்கும் உள்ள உறவை விளக்கத் தேவையில்லை.

முடிவாக

நெற்றிப் பச்சை, கழுத்துச் சீட்டு, கைரேகைப் பதிவு, காவல் நிலையப் பட்டியல், விண்ணப்பப் படிவம் என முத்திரையின் வடிவம் இரு நூற்றாண்டுகளில் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு வடிவமும் அதன் காலத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தேவையானது என்றே கூறப்பட்டது. பாதுகாப்பு தேவையன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குழந்தைகளுக்குக் கொடுமை செய்தவரைப் பள்ளிக்கூட வேலையில் அமர்த்த முடியாது. ஆனால் எந்தக் குற்றம், எந்த வேலை, எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமல் விழும் முத்திரை பாதுகாப்பைத் தராது. வேலை கிடைக்காத ஒருவரைத்தான் தரும். தமிழகச் சிறைத்துறை கைதிகளைக் கொண்டு நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றனர். சிறைச் சந்தையில் ரொட்டியும் துணியும் வாங்குகின்றனர். தண்டனைக் காலத்தில் அவர்கள் கையிலிருந்து பொருள் வாங்கத் தயங்காத சமூகம், தண்டனை முடிந்து வருபவருக்கு ஒரு வேலையும் வாடகை வீடும் கொடுக்கத் தயங்குவதற்கு நியாயமான காரணம் இல்லை.